எழுதித் தராத அலறல்

பொழுது விடிவதற்குள் இடி பல முறை செத்துவிட்டார். குண்டு பாய்ந்து ஒரு சாவு, மதில்மேலிருந்து விழுந்து ஒரு சாவு, ஆற்றில் மூச்சுமுட்டி ஒரு சாவு. கழுத்தறுபட்டுச் சாவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். தொண்டைக்குள் ரத்தம் இறங்குகிற சத்தம் வேண்டுமென்பதற்காக வாய் நிறைய வெந்நீரை வைத்துக் கொப்பளித்துக்கொண்டே அலற வேண்டும். புரையேறும், கண் பிதுங்கும், மூக்கு வழியாகத் தண்ணீர் வரும். அதெல்லாம் அடங்கியதும் பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த பொணம் ரெடி" என்பார்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் செய்கிற வீடியோ கேம்களை நம் மொழியில் பேசவைக்கிற வேலை அது. இந்த முறை வந்திருந்தது ஒரு போர் விளையாட்டு. விளையாடுகிறவன் பொத்தானை அமுக்கினால் திரையில் ஒரு சிப்பாய் விழுவான். விளையாடுகிறவன் எந்த மொழிக்காரனோ அந்த மொழியில் அலறிக்கொண்டே விழ வேண்டும் என்பது கம்பெனியின் ஆசை. அதனால் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தொண்டை தேவைப்பட்டது. நம் மொழிக்கு அகப்பட்டது இடியின் தொண்டை. அவர் மாடிப்படியில் தும்மினால் தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பெயர் அப்படி வந்ததுதான்.

அவர் சாகிற அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலாளி இதற்கு முன்னால் மீன் வியாபாரத்தில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர். அந்த வியாபாரத்தில் அவருக்கு மிஞ்சியது ஒரு குளிர்பதன அறை. கனத்த சுவர், கனத்த இரும்புக் கதவு. உள்ளே கத்தினால் வெளியே கேட்காது என்று கண்டுகொண்ட அன்றே அவர் டப்பிங் தொழிலுக்கு மாறிவிட்டார். அறையைப் பிரித்து மூன்றாம் மாடிக்கு ஏற்றி மறுபடி பூட்டி, மெத்தைக் கடையில் மலிவாகக் கிடைத்த ஃபோமைச் சுவரிலும் கூரையிலும் ஒட்டி, நடுவில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டார். கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். உள்ளிருந்து தள்ளித் திறக்கிற பிடி எப்போதோ துருப்பிடித்து உடைந்துவிட்டது. மாற்றச் சொன்னால், "மீனு ஒண்ணும் கதவத் தொறன்னு கேட்டதில்லையே" என்று சிரிப்பார்.

கட்டடத்தின் பின்பக்கம் பஸ் டிப்போ. பஸ்கள் உறுமத் தொடங்கிவிட்டால் தரையே அதிரும். அதனால் அலறல்களையெல்லாம் விடிவதற்குள் முடித்துவிட வேண்டும். உள்ளே மின்விசிறி ஓடக் கூடாது, மைக்கில் கேட்கும். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி எதிரொலி தருகிறது என்று அதன்மேலும் ஃபோம் ஒட்டியாகிவிட்டது. கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிகிறவரை வானமே இடிந்து விழுந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒரு முறை யாரோ தெரியாமல் திறந்துவிட்டதற்கு அவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வெளியே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்கிறவர் இடியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. இடி அவரை மச்சான் என்று கூப்பிடப் போய், அந்த மாடி முழுக்க அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. முதலாளிக்கும் மச்சான், டீ கொண்டுவருகிறவருக்கும் மச்சான். டீச்சர் மட்டும் தம்பி என்பார்.

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் அல்ல. வசனங்களை மொழிபெயர்க்கிறவர். அவர் எழுதியதில் ஒரு சொல்லை யாராவது மாற்றிவிட்டால் காதைத் திருகப் போவது போலப் பார்ப்பார், அதனால் டீச்சர். முன்பு முழுவதையும் அவரே எழுதினார், சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. இப்போது முதலாளி இயந்திரத்தை மொழிபெயர்க்க வைத்துவிட்டு, "சும்மா ஒரு தடவ கண்ணால பாத்துக் குடு" என்று சொல்லி, கூலியில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார். இயந்திரமோ, 'அன்பான எதிரிகளே, தயவுசெய்து இறந்துவிடுங்கள்' என்று எழுதித் தரும். டீச்சர் அதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவார். பார்த்துக் கொடுக்கிற கூலிக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார்.

இடிக்கு எழுதியதை எழுதியபடி சொல்லவே வராது. ஓர் 'ஐயோ'வைச் சேர்ப்பார், ஒரு 'டேய்'யை நுழைப்பார். டீச்சர் விருட்டென்று எழுந்துபோய்க் கதவைத் தட்டுவார். கதவைத் தட்டுகிற தைரியம் அந்த மாடியில் அவருக்கு மட்டும்தான் உண்டு. நான் எழுதாததை நீங்கள் எப்படிச் சொல்லலாம் என்று அவர் கேட்பதும், சாகிறவன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டா சாவான் என்று இவர் திருப்பிக் கேட்பதும் தினமும் நடப்பதுதான். அந்தச் சண்டை இல்லாவிட்டால் இருவருக்கும் டீ இறங்காது.

இவர்களைத் தவிர, கேமை விளையாடிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிக்கிற இளவட்டங்கள் சிலர் இருந்தார்கள். தப்பைப் பூச்சி என்பது அந்தத் தொழிலின் வழக்கம். அதனால் இவர்களும் பூச்சிகள் ஆனார்கள். அவர்களில் குரல் ஓங்கிய பெண் பெரிய பூச்சி. எதிரியின் தலை சிதறுகிற காட்சியைக் காலையிலிருந்து மாலைவரை பார்த்துக்கொண்டு, தலை சரியாகத்தான் சிதறுகிறதா என்று சரிபார்ப்பது அவள் வேலை. வீட்டுக்குப் போய்த் தட்டில் தக்காளியைப் பார்த்தாலே குமட்டுகிறது என்பாள்.

அன்று விடியலில் முதலாளியே வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைய சாவு முக்கியமான சாவு. பதுங்குகுழிக்குள் மாட்டிக்கொண்ட சிப்பாய்மேல் நெருப்பைப் பீய்ச்சுகிறார்கள், அவன் எரிந்தபடியே கதவில் மோதுகிறான். 'எரியுது, கதவத் திறங்க, எரியுது' என்று டீச்சர் எழுதிக் கொடுத்திருந்தார். சத்தத்தை எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போடச் சொன்னார் முதலாளி.

இடி கத்தினார். முதலாளி உதட்டைப் பிதுக்கினார். இடி மறுபடி கத்தினார். தொண்டையில் ஏதோ கிழிகிற சத்தம்கூட வெளியே கேட்டது.

"பஸ்ஸ விட்டவன் மாதிரி கத்தறான். எரியறவன் இப்படியா கத்துவான்? உசிரே இல்ல, கண்ணு." முதலாளிக்கு எல்லோரும் கண்ணுதான்.

உள்ளே ரப்பர் கருகுகிற வாடை அடிக்கிறது என்று இடி மைக்கில் சொன்னார். போன வாரமே சொன்ன புகார்தான். ஃபோமுக்கு அடியில் ஒயர்களைச் செருகியிருந்த பெட்டி சூடாகிறது, ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அப்போதே கேட்டிருந்தார்.

"பாக்கலாம் பாக்கலாம். வாய் வேலைக்கு வந்தவனுக்கு மூக்கு எதுக்கு? பஸ் கிளம்பறதுக்குள்ள முடி."

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.

இந்த முறை இடி சற்றுத் தயங்கினார். ஒலிபெருக்கியில் கரகரவென்று என்னவோ கேட்டது. மச்சான் ஒயர் எங்கேயோ லூஸ் என்று நினைத்துக் குனிந்து பார்த்தார். அதற்குள் அலறல் வந்தது. எரியுது, எரியுது, கதவத் திற. கதவில் உடம்பு மோதுகிற சத்தம். மீண்டும் மோதல். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். இதைத்தான் கேட்டேன், இதைத்தான் கேட்டேன் என்று முணுமுணுத்தார். மச்சான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். யாருக்குக் காட்டினார்? கண்ணாடியைத்தான் மூடியாகிவிட்டதே. பழக்கம், அவ்வளவுதான்.

மனிதன் வெந்துகொண்டிருக்கிறான், வெளியே மூன்று பேர் நன்றாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேறு எந்தத் தொழிலில் இது நடக்கும்? கொல்லன் பட்டறையில் ஒருவன் அலறினால் எல்லோரும் ஓடுவார்கள். இங்கே அலறல்தான் சரக்கு.

"மச்சான்... மச்சான்... கதவு..."

டீச்சர் பேனாவை வீசிவிட்டு எழுந்தார். "போர்க்களத்துல எவன் யாருக்கு மச்சான்? ஒரு வரியாவது ஒழுங்கா சொல்றாரா இந்த மனுஷன்" என்று திட்டிக்கொண்டே வழக்கம்போலக் கதவைத் தட்டப் போனார். உள்ளங்கை கதவில் பட்டதும் வெடுக்கென்று பின்வாங்கியது. கோடையிலும் சில்லென்று இருக்கிற கதவு அது. தோசைக்கல்லாகக் கொதித்தது.

அவர் தாழ்ப்பாளுக்குப் பாய்ந்தார். முதலாளி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"சிவப்பு எரியுது, கண்ணு தெரியல? பதிவாகிற டேக் போயிடும்."

டீச்சர் முழங்கையை முதலாளியின் மார்பில் இடித்தார். நாற்காலியோடு அவர் விழுகிற சத்தத்துக்கு நடுவே, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தார்.

கரும்புகை முகத்தில் அறைந்தது. கூரையில் ஒட்டியிருந்த ஃபோம் உருகி, நெருப்புச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இடி கதவோரத்தில் சரிந்து கிடந்தார். முதுகிலும் தோளிலும் பனியன் உருகிச் சதையோடு ஒட்டியிருந்தது. மச்சான் உள்ளே புகுந்து அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். இழுத்த இடத்தில் தோல் கையோடு வந்தது. டீச்சர் குடிதண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்த்தார், ஜன்னல் திரையைப் பிய்த்து நெருப்பை அடித்தார். எல்லாம் அணைந்தபின் பார்த்தால், கதவின் உட்பக்கத்தில் இரண்டு உள்ளங்கைகளின் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பதிவு ஓடிக்கொண்டேயிருந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். கைகள் தேற மாதக்கணக்கில் ஆகும், கொதித்த புகை தொண்டைக்குள் போயிருக்கிறது, குரலுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார். இடியின் மனைவி பெட்ரோல் பங்கில் வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுகிறவர். சீருடையோடு அப்படியே ஓடிவந்திருந்தார். கட்டுக்குள் மூடிக்கிடந்த கணவனைப் பார்த்து அவர் அழவில்லை. தம்பியைச் சுவரோரம் நிறுத்தி, என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் கேட்டார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதையும் மச்சான் சொன்னார். அக்கா அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "நீ திறக்கலன்னு அவரு நினைக்கமாட்டாருடா" என்றார்.

மத்தியானம் முதலாளி பழக்கூடையோடு வந்தார். உள்ளே பீடி பிடித்திருப்பான், இருந்தாலும் நான் யாரையும் குற்றம் சொல்லமாட்டேன், ஆஸ்பத்திரிச் செலவு என் பொறுப்பு, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று பேசிக்கொண்டே போனார்.

"தொண்டைக்கு ஆகாதுன்னு ஐஸ் தண்ணிகூடத் தொடமாட்டாரு. அவரா பீடி பிடிச்சாரு?" என்றார் இடியின் மனைவி. "எங்க பங்க்ல மண்ணு ரொப்பின வாளி வரிசையா தொங்குதுங்க. எவனாவது தீப்பெட்டிய எடுத்தா பாய்ஞ்சு பிடுங்குவோம். உங்க ரூம்ல உள்ளேருந்து திறக்க ஒரு பிடிகூட இல்லயே."

"நடந்தது நடந்துபோச்சும்மா. இதுலயும் ஒரு நல்லது நடந்திருக்கு, பாரு. அந்தக் கடைசி டேக்குலேருந்து ஒரு துண்ட மொபைல்ல பிடிச்சு அனுப்பி வெச்சேன். கம்பெனிக்காரங்க ஆடிப்போயிட்டாங்க. எந்த மொழியிலயும் இப்படி ஒண்ணு வரலயாம். முழுசா குடுங்க, விளம்பரத்துக்கே போடறோம்கறாங்க. உன் புருஷன் குரல் உலகம் பூரா கேக்கப்போகுது."

அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. எந்த டேக் என்று தம்பியைப் பார்த்தார். மச்சான் தலை குனிந்து, தீப்பிடித்தபோது ஓடிய பதிவு, கதவு திறந்தபிறகும் ஓடியது என்றார்.

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அந்த அம்மா எழுந்து நின்றார்.

"அது நடிப்பு இல்ல. அவரு என் தம்பியக் கூப்பிட்ட சத்தம். உசிருக்குக் கூப்பிட்ட சத்தம். அத எவனும் பொத்தான அமுக்கி விளையாடக் கூடாது."

"அதுக்காக வீணாப் போக விடறதா? பட்ட வலிக்கு ஒரு பலன் வேணாமா, கண்ணு?"

"வலி அவரோடது. விக்கறதுக்கு நீங்க யாரு?"

முதலாளி பழக்கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். மறுபடி தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

முழுப் பதிவும் ஸ்டூடியோவின் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை அனுப்ப வேண்டியவர் மச்சான். அவர் மறுநாள் காலை போய் நாற்காலியில் உட்கார்ந்து, அனுப்பமாட்டேன் என்றார். டீச்சர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரிய பூச்சி எழுந்து, தன் திரையில் செத்துக்கொண்டிருந்த சிப்பாயைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தாள். மற்றப் பூச்சிகளும் ஒவ்வொருவராக வந்தார்கள். பிறகு யாரும் வேலை செய்யவில்லை. அந்தப் பதிவு வெளியே போகக் கூடாது, எந்த அறைக் கதவும் உள்ளிருந்து திறக்க வேண்டும், இடியின் வைத்தியம் முடிகிறவரை அவர் சம்பளம் வீட்டுக்குப் போக வேண்டும். மூன்றையும் டீச்சரே முதலாளியின் முகத்துக்கு நேராகச் சொன்னார். சொல்லும்போது ஒரு சொல்கூட முன்பின்னாக வரவில்லை.

"உங்க எல்லாரையும் வளத்து விட்டேன் பாரு" என்றார் முதலாளி. "இயந்திரம் எழுதுது. நாளைக்கு இயந்திரமே கத்தும். அன்னிக்கு எங்க போய் நிப்பீங்க?"

"இயந்திரம் எரிஞ்சா கத்தாதுங்க" என்றாள் பெரிய பூச்சி. "அதனாலதான் இந்த டேக்குக்கு நாயா அலையறீங்க."

அவர் இறங்கிப் போனார். போனவர் நாலு தடியர்களை அனுப்பினார்.

அவர்கள் வந்தது வெயில் உச்சியில். முதல் ஆள் மச்சானின் சட்டையைப் பிடித்துத் தூக்கி, இரண்டு காதையும் சேர்த்து உள்ளங்கைகளால் அறைந்தான். ஒரு காதிலிருந்து ரத்தம் மெல்லிய கோடாக இறங்கியது. அந்தக் காதுதான் அவர் பிழைப்பு. பெரிய பூச்சி ஒருவன் கையைக் கடித்தாள். அவன் கீபோர்டை உருவி அவள் தலையில் அடித்தான். எழுத்துப் பொத்தான்கள் பற்களைப் போலத் தெறித்தன. அவ்வளவு நாளும் திரையில் பார்த்த ரத்தம் பளபளப்பானது. இது கண்ணுக்குள் வழிந்து எரிச்சலூட்டியது. மற்றப் பூச்சிகள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். ஒரு தடியனின் மூக்கு உடைந்தது. டீச்சர் கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிடியை விடச் சொன்னார்கள். விடவில்லை. ஒருவன் பூட்ஸ் காலால் அவர் வலக்கை விரல்களை மிதித்துத் தேய்த்தான். விரல் எலும்பு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

போலீசுக்குப் போனார்கள். முதலாளி விழுந்து நெஞ்சில் அடிபட்டதற்கு ஏற்கெனவே உங்கள்மேல்தான் புகார் இருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். கேட்டதும் பெரிய பூச்சி சிரித்துவிட்டாள். அழுவதற்கு அவளிடம் அப்போது தெம்பு இல்லை.

ஆஸ்பத்திரி நடையில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குக் காதில் பஞ்சு, ஒருத்திக்குத் தலையில் தையல், ஒருவருக்குக் கையில் மாவுக்கட்டு. உள்ளே ஒருவர் பேச்சில்லாமல் கிடந்தார். பதிவு போய்விட்டது, தோற்றுவிட்டோம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. முடிந்தது கதை என்று மச்சான் வாய்விட்டே சொன்னார். டீச்சர் மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி வசனங்களை வால் தலை இல்லாமல் துண்டு துண்டாக அனுப்பும். பேசுகிறது ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா, கோபமா கேலியா, ஒன்றும் தெரியாது. அதைக் கேட்பதற்கென்றே இணையத்தில் ஒரு கேள்விப் பலகை இருக்கும். எந்த மொழியில் மொழிபெயர்க்கிறவரும் அதில் கேட்கலாம், கம்பெனி பதில் எழுதும். ஒருவர் கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் எல்லா மொழிக்காரர்களும் படிப்பார்கள், எல்லோருக்கும் அதே வசனம்தானே. முகம் தெரியாது. எழுத்து வலமிருந்து இடமாகப் போகிற மொழிக்காரர், பனி தேசத்துக்காரர், சித்திரம் போல எழுதுகிற மொழிக்கார அம்மா என்று டீச்சர் ஒவ்வொருவரையும் மனதில் அடையாளம் வைத்திருந்தார்.

"மொபைல எடு. நான் சொல்றத அப்படியே எழுது" என்றார் பெரிய பூச்சியிடம். அவர் விரல்கள்தான் கட்டுக்குள் இருந்தனவே.

பலகையில் எல்லோருக்கும் பொதுவான மொழியில் அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அது இப்படி இருந்தது:

'கேள்வி. பதுங்குகுழியில் எரிகிற சிப்பாயின் வசனம். பேசுகிறவர் யார்? பதில் எனக்குத் தெரியும், நானே சொல்கிறேன். பேசுகிறவர் எங்களுடைய டப்பிங் தொழிலாளி. ஒலிப்பதிவு அறையில் நிஜமாகவே தீப்பிடித்தது. உள்ளிருந்து கதவு திறக்காது. அவர் உதவிக்குக் கூப்பிட்டதை நாங்கள் நடிப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அந்தப் பதிவை அடித்துப் பிடுங்கி உங்கள் விளம்பரத்துக்கு விற்கிறார்கள். இந்தக் காட்சிக்கு எங்கள் மொழியில் யாரும் குரல் கொடுக்கமாட்டோம். மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?'

கடைசி வரியில் அவளாகவே 'தயவுசெய்து' என்று ஒன்றைச் சேர்த்தாள். டீச்சர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தயவெல்லாம் யாரு கேட்டா? எடு அத."

கொஞ்ச நேரத்தில் முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. பலகைக்குள் டீச்சர் நுழைகிற வழியை அடைத்துவிட்டார்கள். ஆனால் படித்தவர்கள் படித்துவிட்டார்கள். பலகையில் பெரிய பூச்சிக்கும் இருந்த கணக்கை மூட யாருக்கும் தோன்றவில்லை. பூச்சிகளை யாரும் ஆளாகவே நினைப்பதில்லை, அது அன்றைக்கு உதவியது. அவள் மொபைலைத் தூக்கிப் பிடித்தாள், எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வலமிருந்து இடமாக எழுதுகிற மொழிக்காரரிடமிருந்து முதல் வரி வந்தது.

'எங்கள் அறைக் கதவும் வெளியிலிருந்துதான் திறக்கும்.'

அவ்வளவுதான் எழுதியிருந்தார். அவர் எந்த ஊரில் உட்கார்ந்து, யாருக்குப் பயந்து அதைத் தட்டினாரோ. இடியின் மனைவி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

அடுத்து பனி தேசத்துக்காரர். அவர்கள் மொழியில் அந்தச் சிப்பாய்க்கு அலறியவர் மயங்கி விழுந்ததாகவும், மின்விசிறி போடவிடவில்லை என்றும் எழுதியிருந்தார். தங்கள் ஆட்கள் அந்தக் காட்சியைத் தொடமாட்டார்கள் என்றார். சித்திர எழுத்துக்கார அம்மா, கொடுத்துவிட்ட பதிவைத் திருப்பிக் கேட்டிருப்பதாக எழுதினார். சாயங்காலத்துக்குள் மேலும் சிலர் சேர்ந்தார்கள். சிலர் மழுப்பினார்கள். ஒருவர், இது பலகைக்குப் பொருத்தமான கேள்வி அல்ல என்று உபதேசம் செய்தார். எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார் போலிருக்கிறது. கம்பெனி ஒரே ஒரு வரி எழுதியது: விசாரிக்கிறோம். விளம்பரத்தை நிறுத்துவதாகவோ பதிவை அழிப்பதாகவோ அதில் ஒன்றும் இல்லை.

மச்சான் உள்ளே போய் இடியின் காதோரம் குனிந்து, ஒவ்வொரு மொழியையும் சொல்லி, அவர்கள் எழுதியதைச் சொன்னார். இடி கண்ணை மூடித் திறந்தார். கண்ணோரத்தில் நீர் கோர்த்து நின்றது. பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தது அவருக்கு நினைவிருந்தது.

விசாரிக்கிறோம் என்ற அந்த ஒரு வரியே முதலாளிக்குப் பேதி கொடுத்துவிட்டது. பதுங்குகுழி விளம்பரத்துக்குள் காலை வைக்கக் கம்பெனி தயங்கியது. மற்றச் சாவுகளையாவது சீக்கிரம் முடித்து அனுப்பு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று அவரை நெருக்கியது. அவர் அறைக்குப் புது ஃபோம் ஒட்டினார். கதவு அதே கதவு. வேற்றூரிலிருந்து ஒரு டப்பிங்காரனைப் பேசிக் கூட்டிவந்தார். அவன் மெலிந்த ஆள், தோளில் ஒரு பை, கையில் வெந்நீர் ஃபிளாஸ்க்.

இருவரும் வந்து சேர்ந்தது ஒரு விடியலில். மாடிப்படியில் கீழிருந்து மேல்வரை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீழிருந்து இரண்டாம் படியில் இடியின் மனைவி, பங்க் சீருடையோடு. அவரோடு பங்கில் வேலை செய்கிற பெண்கள் சிலர். அதற்கு மேலே டீச்சர், மச்சான், பூச்சிகள். வழியை விடுங்கள் என்றார் முதலாளி. ஒருவரும் அசையவில்லை. உங்களில் யாருக்கும் இனி இங்கே வேலை இல்லை என்றார். அது தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறோம் என்றார் டீச்சர்.

புதிதாக வந்தவன் டீச்சரின் மாவுக்கட்டைப் பார்த்தான். மச்சானின் காதைப் பார்த்தான். இங்கே வேலை செய்தவருக்கு என்ன ஆயிற்று என்று இடியின் மனைவியிடமே கேட்டான். அவர் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். முதலாளி நடுவில் புகுந்து, இதெல்லாம் கட்டுக்கதை, நீ மேலே வா என்று அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

"எனக்கும் வீட்ல உல கொதிக்கணும்ங்க" என்றான். "ஆனா நான் உள்ள நின்னு கூப்பிட்டா நீங்க நல்லா இருக்குன்னு கேட்டுக்கிட்டு இருப்பீங்களே."

ஃபிளாஸ்க்கை ஓரமாக வைத்துவிட்டு, இடியின் மனைவிக்குக் கீழே மிச்சமிருந்த கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

முதலாளி தெருப்பக்கம் திரும்பித் தலையசைத்தார். காரிலிருந்து தடியர்கள் இறங்கினார்கள். இந்தமுறை நாலுக்கும் மேல். படியில் இருந்தவர்கள் கைகளைக் கோத்துக்கொண்டார்கள். டீச்சரின் கட்டுப்போட்ட கையை விட்டுவிட்டு முழங்கையில் கோத்துக்கொண்டாள் பெரிய பூச்சி. முதல் அடி, ஓரத்தில் இருந்த புதியவன்மேல்தான் விழுந்தது. தடி தோளில் பட்டுக் கழுத்துவரை வழுக்கியது. இரண்டாவது அடி முதுகில். அலறுவதுதான் அவன் தொழில், அதற்குத்தான் கூட்டிவந்தார்கள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். இடியின் மனைவி குனிந்து தன் முதுகை அவன்மேல் கொடுத்தார், அடுத்தது அவர்மேல் விழுந்தது. அவரும் கத்தவில்லை. மேலே இருந்தவர்கள் ஒவ்வொரு படியாகக் கீழே நகர்ந்து அவர்களைச் சுற்றி அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

டிப்போவில் பஸ்கள் கிளம்பும் நேரம். ஒரு பஸ்கூடக் கிளம்பவில்லை. அடி விழுவதைக் கேள்விப்பட்ட டிரைவர்களும் கண்டக்டர்களும் இறங்கி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, இந்தப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். முதலில் சிலர், பின்னால் கூட்டமாக. தடியர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்துத் தடியைத் தாழ்த்தினான். மற்றவர்கள் அடிப்பதை நிறுத்தவில்லை. படியில் ரத்தம் இறங்கியது. கோத்த கை ஒன்றும் பிரியவில்லை. அன்று காலை முதலாளிக்கு ஒரு சத்தம்கூடக் கிடைக்கவில்லை.